அளந்து வெட்டிய கம்பிகள்

உட்காருங்கள் அம்மா, தாராளமாக உட்காருங்கள். இது உங்கள் மேல் சாயாது, நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கண்டக்டர் வந்து லக்கேஜ் டிக்கெட் எடுக்க வேண்டும் என்றார். "மடியில் இருக்கும் குழந்தைக்கு டிக்கெட் கேட்பீர்களா?" என்றேன். "குழந்தை இவ்வளவு நீளமா இருக்காதே அம்மா" என்றார். "நீளத்துக்கா டிக்கெட், இடத்துக்கா?" என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். யோசிக்கத் தெரிந்த பிள்ளை. நன்றாக வருவான்.

கிட்டார் இல்லை, பேஸ் கிட்டார். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. கிட்டாருக்கு ஆறு கம்பி, இதற்கு நான்கு. அதன் கம்பி தையல் நூல் என்றால் இதன் கம்பி கிணற்றுக் கயிறு. ஆனால் இப்போது இந்தப் பையைத் திறந்து பார்த்தால் மூன்றுதான் இருக்கும். ஏன் மூன்று என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். மதுரை போய்ச் சேர நேரமிருக்கிறது. முழுவதையும் கேட்டுவிட்டுப் பிழை யாருடையது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். எனக்கு அது முன்பே தெரியும். இருந்தாலும் வெளியாள் ஒருவர் வாயால் கேட்டால் நிறைவாக இருக்கும்.

நான் முதுகலை ஆசிரியை. இயற்பியல். பாளையங்கோட்டையில் பெண்கள் மேல்நிலைப் பள்ளி, தமிழ்வழி. பணி நிறைவு பெற்றுவிட்டேன். அதற்காக யாராவது 'முன்னாள் ஆசிரியை' என்றால் எனக்குப் பிடிக்காது. முன்னாள் அமைச்சர் உண்டு, முன்னாள் தலைவர் உண்டு. ஆசிரியையில் முன்னாள் ஏது?

என் கணவர் கருவூலத்தில் கண்காணிப்பாளராக இருந்தவர். சொர்ணராஜ் என்று பெயர். அதிர்ந்து பேச மாட்டார் என்று சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அதிராமலும் பேச மாட்டார் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. ஓய்வு பெற்ற மனிதர்கள் காலையில் நடக்கப் போவார்கள், ரோஜாச் செடி வைப்பார்கள். இவர் பேஸ் கிட்டார் வாங்கிக்கொண்டு வந்தார். கல்லூரியில் மெல்லிசைக் குழுவில் வாசித்தவராம்! இத்தனை ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ கேக்கல" என்றார்.

நான் எப்படிக் கேட்பது? 'நீங்கள் பேஸ் கிட்டார் வாசிப்பீர்களா' என்று எந்த மணப்பெண்ணாவது கேட்பாளா? சொல்லுங்கள்.

சரி. எங்கள் ஆலயத்துப் பாடகர் குழுவில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். குழுவுக்குத் தலைவி மெர்லின் கிருபா. என் மாணவி. செய்முறைத் தேர்வில் கம்பியை அறுத்தவள். இப்போது கீபோர்டு வாசிக்கிறாள். கீபோர்டில் கம்பி கிடையாது, அதனால் பிழைத்துக்கொண்டாள். நல்ல பெண்தான். என்னைக் கண்டால் இன்றைக்கும் எழுந்து நிற்பாள், அவ்வளவும் நடந்த பிறகும்கூட.

நடந்தது என்ன என்கிறீர்களா? கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து எல்லாரும் வாசலில் கேக்கும் கையுமாக நிற்கிறோம். மெர்லின் என்னிடம் வந்து, "டீச்சர், அங்கிள் இன்னைக்கு எப்பிடி வாசிச்சாங்க?" என்றாள். கேட்ட கேள்விக்கு உண்மையான விடையைச் சொல்வது என் வழக்கம். "அவர் வாசித்தது கேட்கவே இல்லையே" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கச் சொல்லி நான் கேட்டுக்கொள்ளவில்லை. "நெசந்தான, அந்த நாலு கம்பியும் சும்மா அழகுக்குத்தான் கெடக்கு" என்று யாரோ ஒருவர் சொன்னார். அதுவும் நான் சொன்னதில்லை. இவர் எனக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறார். எனக்குப் பின்னால் கண் இல்லை. திரும்பிப் பார்த்தபோது கேக் தட்டு மதில்மேல் இருந்தது, அவர் இல்லை.

மறுநாள் கிட்டாரைப் பையில் போட்டு, ஜிப்பை இழுத்து, அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டார். பயிற்சிக்குப் போகவில்லை. என்னோடு பேச்சும் இல்லை. 'முன்னாலும் பேச்சு இல்லை என்றீர்களே' என்று நீங்கள் நினைக்கலாம். அம்மா, பேசாமல் இருப்பதில் வகைகள் உண்டு. முன்பு அவர் பேசாமல் இருந்தது வீட்டில் மின்விசிறி ஓடுவது போல. இது மின்சாரம் போனது போல.

பயிற்சிக்குப் போகாத மனிதர் வேறு எங்கே போவார்? அடுக்களைக்கு வந்தார். ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு அடுப்பையே பார்ப்பார். வாய் திறக்க மாட்டார், ஆனால் எழுந்து வந்து கேஸைக் குறைத்து வைத்துவிட்டுப் போவார். நான் திரும்பவும் கூட்டி வைப்பேன். அவர் திரும்பவும் குறைப்பார். பால் பொங்குவதை நான் கண்ணால் பார்த்து மாதக் கணக்கு ஆகிவிட்டது. அதற்காகத்தான் அவர் மறுபடியும் வாசிக்கப் போக வேண்டும் என்று நினைத்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

இப்படி இருக்கும்போது மெர்லின் வீட்டுக்கு வந்தாள். "டீச்சர், அசனம் வருது. அங்கிள் வருவாங்களா, மாட்டாங்களா?" என்று கேட்டாள்.

அசனம் தெரியுமா உங்களுக்கு? எங்கள் பக்கத்துச் சபைகளில் ஆண்டுக்கு ஒரு முறை அசனப் பண்டிகை. முதலில் ஆராதனை. அவரவர் வீட்டில் விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். வாழைத்தார், தேங்காய், கோழி, ஆட்டுக்குட்டி எல்லாம் வரும். பிறகு அவற்றை ஏலம் விடுவார்கள். பிறகு பந்தலில் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து ஒரே பந்தியில் சாப்பாடு. ஊரே வரும். வெளியூர்ப் பிள்ளைகளும் லீவு போட்டு வருவார்கள்.

"வராவிட்டால் என்ன செய்வாய்?" என்றேன்.

"கீபோர்டில ஒரு பொத்தான் இருக்கு டீச்சர். அமுக்கிட்டோம்னா பேஸ் அதுபாட்டுக்குப் போயிட்டே இருக்கும். இப்ப எல்லாச் சபையிலயும் அப்பிடித்தான் வச்சிருக்காங்க. அங்கிள கஷ்டப்படுத்தாண்டாம். அசனத்துல ஒருதடவ பொத்தான வச்சுப் பழகிட்டோம்னா பொறவு அப்பிடியே வச்சிக்கிடலாம்."

பொத்தான்! என் கணவர் இடத்தில் ஒரு பொத்தான். அன்றைக்கு அவளுக்குக் காபி கொடுத்தேனா என்பதுகூட எனக்கு நினைவில்லை.

நான் சிந்தித்தேன். அவர் வாசித்தது கேட்கவில்லை என்று நான் சொன்னேன், எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் *ஏன்* கேட்கவில்லை? இதை ஒருவராவது ஆராய்ந்தார்களா? நான் ஆராய்ந்தேன். அவர் அஞ்சலகம் போயிருந்த நேரம் பார்த்து முக்காலி போட்டு ஏறி, கிட்டாரை இறக்கிப் பார்த்தேன். கம்பிகளில் இடுக்கெல்லாம் கறுப்பு அழுக்கு. விரல் வியர்வை படிந்து படிந்து, தட்டினால் 'தொப்' என்கிறது. ஆகவே குற்றம் கம்பியினுடையது! நான் சொன்னதும் உண்மை, அவர் பேரிலும் தவறில்லை. இருவருக்கும் மரியாதையான முடிவு. கம்பியை மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நிச்சயித்தேன்.

ரயில் சந்திப்புக்குப் பக்கத்தில் இசைக்கருவிக் கடை ஒன்று இருக்கிறது. நான்கு கம்பியும் ஒரு கட்டாகத் தந்தார்கள். கடைக்காரர், "கிட்டாரக் கொண்டாங்க அம்மா, நானே மாட்டித் தாரேன்" என்றார்.

"தேவையில்லை. சுரமானியில் கம்பி கட்டிக் கட்டித் தேய்ந்த கை இது."

"என்ன மானி?"

அவரை விட்டுவிட்டேன். உங்களுக்குச் சொல்கிறேன். சுரமானி என்பது ஒரு நீளப் பெட்டி. அதன்மேல் ஒரு கம்பி. ஒரு முனையை ஆணியில் கட்டி, மறுமுனையில் எடையைத் தொங்கவிட வேண்டும். கம்பியின் நீளம் கூடினால் அதிர்வெண் குறையும், இழுவிசை கூடினால் அதிர்வெண் கூடும், கம்பி தடிமனானால் அதிர்வெண் குறையும். பேஸ் கிட்டார் என்பது கழுத்து நீண்ட சுரமானி, அவ்வளவுதான். இதில் தெரியாதது என்ன இருக்கிறது?

இவர் தூத்துக்குடியில் சித்தப்பா மகன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போன நாள். சாப்பாட்டு மேசையில் ஜமுக்காளம் விரித்துக் கிட்டாரைப் படுக்க வைத்தேன். பழைய கம்பிகளைக் கழற்றினேன். கழற்றும்போது ஒன்று பார்த்தேன். கம்பியின் அடிமுனையில் ஒரு பித்தளை வளையம் இருக்கிறது, அது கீழே மாட்டிக்கொள்கிறது. மேல்முனையை 'கீ' என்கிற திருகாணியில் சொருகிச் சுற்றியிருக்கிறார்கள். எத்தனை சுற்று தெரியுமா? மூன்று சுற்று, நான்கு சுற்று! எதற்கு? ஒரு பக்க விடைக்கு மூன்று தாள் வாங்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். இதுவும் அந்த வேலைதான் என்று நினைத்தேன். அளவு தெரியாதவன் செய்கிற வேலை, மிச்சத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றி வைத்திருக்கிறான்.

நான் அப்படிச் செய்யவில்லை. எஃகு அளவுகோலை வைத்தேன். கீழ் வளையத்திலிருந்து அந்தந்தக் கீயின் துளைவரை அளந்தேன். ஒரு முறைக்கு இரு முறை அளந்தேன். குறட்டால் வெட்டினேன். ஒரு கம்பியிலாவது ஒரு மில்லிமீட்டர் கூடுதல், ஒரு மில்லிமீட்டர் குறைவு கிடையாது. வெட்டி வரிசையாக வைத்தபோது என் மனத்துக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது என்று சொல்ல முடியாது. துண்டுகளைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டேன். பழைய கம்பிகளைக் கொண்டுபோய்ப் பீர்க்கங்கொடிக்குப் பந்தல் இழுத்துக் கட்டினேன். நல்ல உறுதி. காய்ப்பும் நல்ல காய்ப்பு.

பிறகு முதல் கம்பியின் முனையைக் கீயில் சொருகித் திருகினேன்.

அம்மா, அது நிற்கவில்லை. திருகத் திருக வழுக்கிக்கொண்டு வந்தது. சுற்றிப் பிடித்துக்கொள்ள அதற்கு நீளம் இல்லை. இன்னும் ஒரு திருகு, 'டொய்ங்' என்று எகிறி, அலமாரிக் கண்ணாடியில் அடித்து, என் காதோரமாகப் போய் அரிசி டப்பாமேல் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை நான் திருகவில்லை. விளங்கிக்கொண்டேன்.

அந்தச் சுற்றுக்களால் பயன் உண்டு. பிடிமானத்துக்கு ஒரு சாண் மிச்சம் விட வேண்டும். இதை அந்தக் கம்பிக் கட்டின் உறையில் எங்காவது அச்சிட்டிருக்க வேண்டாமா? நான் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை. பாடநூலில் இல்லாததைத் தேர்வில் கேட்பது போன்ற காரியம் இது. தயாரித்தவர்கள் பிழை.

வேறொருத்தியாக இருந்தால் அந்த இடத்தில் உட்கார்ந்து அழுதிருப்பாள். கடைக்கு ஓடியிருப்பாள். ஓடியிருந்தால் அந்தக் கடைக்காரர் என்ன சொல்லியிருப்பார்? வேண்டாம். நான் ஆய்வகத்தில் பழகியவள். இருக்கிற பொருளைக் கொண்டு முடிப்பதுதான் செய்முறை.

கவனமாகக் கேளுங்கள். கிட்டாரின் தலையில் நான்கு கீகளும் ஒரே வரிசையில், படிக்கட்டில் நிற்கும் பிள்ளைகளைப் போல, ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருக்கின்றன. மிகத் தடித்த கம்பி மிகப் பக்கத்துக் கீக்குப் போகிறது. மிக மெல்லிய கம்பி மிகத் தூரத்துக் கீக்குப் போகிறது. தன் கீக்கு எட்டாத கம்பி அதற்கு முந்தைய கீக்கு எட்டும், சுற்றிக்கொள்ள மிச்சமும் இருக்கும். அப்படியானால்? இரண்டாம் கம்பியை முதல் கீயில், மூன்றாம் கம்பியை இரண்டாம் கீயில், நான்காம் கம்பியை மூன்றாம் கீயில் என ஒவ்வொன்றையும் ஓரிடம் தள்ளி உட்கார வைத்தேன். இறுக்கினேன். நின்றது! அப்படி நின்றது!

முதல் கம்பிக்கு, அந்தத் தடித்த கம்பிக்கு, போக இடமில்லை. அதைச் சுருட்டி வைத்துவிட்டேன். நான்கில் மூன்று. நூற்றுக்கு எழுபத்தைந்து. முதல் வகுப்பு.

சுருதியும் நானே சேர்த்தேன். கைப்பேசியில் ஒரு செயலி இருக்கிறது. கம்பியைத் தட்டினால் எழுத்தைக் காட்டும், ஊசி நடுவில் நின்றால் சரி. இரண்டாம் கம்பிக்கு அதற்குரிய சுருதி, மூன்றாம் கம்பிக்கு அதற்குரியது. இடம் மாறினால் என்ன? ஒரு மாணவி பெஞ்சு மாறி உட்கார்ந்தால் அவள் பெயர் மாறிவிடுமா? சுண்டிப் பார்த்தேன். வீடே அதிர்ந்தது. 'கேட்கவே இல்லை' என்று இனி யார் சொல்வார்கள் பார்ப்போம் என்று பையில் போட்டு மூடினேன்.

பிறகு மெர்லினிடம் போனில் பேசினேன். "அங்கிளை நீயே நேரில் வந்து அழை. 'நீங்கள் இல்லாமல் முடியாது' என்று சொல்."

"டீச்சர், பொத்தான் இருக்கே" என்றாள்.

"பத்து மதிப்பெண் செய்முறையில் உனக்கு ஏழு போட்டேன். கம்பியை அறுத்தவளுக்கு ஏழு! நினைவிருக்கிறதா?"

"வாரேன் டீச்சர்."

வந்தாள், அழைத்தாள். அவர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், சரி என்று தலையசைத்தார். அன்றைக்குப் பால் பொங்கியது.

பண்டிகை நாளில் கிட்டாரை நானே சுமந்துகொண்டு போனேன். முன்கூட்டியே திறந்து பார்த்துவிட்டால் மகிழ்ச்சி பாதியாகிவிடும் அல்லவா? பீடத்துக்குப் பக்கத்தில் பாடகர் இடத்தில் வைத்தேன். அங்கே ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்று இருந்தது. அதன் குமிழ் நடுவில் நின்றது. நான்குதான் காட்டியது. பத்துவரை வசதி இருக்கும்போது நான்கில் வைத்தால் எப்படிக் கேட்கும்? பத்துக்குத் திருப்பிவிட்டு, என் இடத்தில், பெண்கள் பக்கம் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தேன்.

மணி அடித்துவிட்டார்கள். இவர் எப்போதும் கடைசி நேரத்தில் வருகிறவர். வந்து பையைத் திறந்தார். கம்பிகளைப் பார்த்தார். காலியாக நின்ற நான்காவது கீயைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, அவ்வளவு கூட்டத்தில், நேராக என்னைப் பார்த்தார். நான் கையால் காட்டினேன்: வாசியுங்கள், வாசியுங்கள்! அதற்குள் ஐயர் (எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்போம்), "சபையார் எழுந்து நிற்போம்" என்றுவிட்டார். மெர்லின் கீபோர்டில் கை வைத்துவிட்டாள்.

இவர் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறவர். விரல்கள் வழக்கமான இடத்துக்குப் போயின. கம்பிகள் வழக்கமான இடத்தில் இல்லை. அவ்வளவுதான் நடந்தது. பாட்டு ஓர் ஊரில் போனது, பேஸ் பக்கத்து ஊரில் போனது. அதுவும் பத்தில்! ஜன்னல் கண்ணாடியெல்லாம் கிடுகிடுத்தது. ஒரு கைக்குழந்தை வீறிட்டது. வெளியே காணிக்கைக்குக் கட்டியிருந்த ஆட்டுக்குட்டி ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதாகப் பிறகு சொன்னார்கள். அதற்கு இசைதான் காரணம் என்று நிரூபிக்க முடியாது, கயிறும் பழைய கயிறுதான். ஐயர் வேதாகமத்திலிருந்து தலையைத் தூக்கினார். சபை முழுக்கத் திரும்பி இவரையே பார்த்தது.

இரண்டு அடிதான் வாசித்தார். கண்ணைத் திறந்தார். கையைக் கம்பிகள்மேல் வைத்து அமர்த்தினார். ஒயரைப் பிடுங்கினார். உட்கார்ந்துவிட்டார்.

பாட்டு தொடர்ந்தது. அப்போது ஒன்று கவனித்தேன். மீதிப் பாட்டு முழுக்க ஏதோ ஒரு மாதிரி இருந்தது. பருப்புப் போடாத சாம்பார் போல, எல்லாம் இருந்தது, ஆனாலும் இல்லை. எல்லாரும் சரியாகத்தான் பாடினார்கள். எனக்கு மட்டும் பாட்டுக்கு அடியில் யாரோ பாயை உருவிவிட்டது போலத் தோன்றிக்கொண்டே இருந்தது. காலையில் இட்லி சாப்பிடாமல் வந்திருந்தேன், அதனால் இருக்கும்.

பந்தியில் ஒவ்வொருவராக இவரிடம் வந்தார்கள். "அங்கிள், இன்னைக்குத்தான் ஒங்க கிட்டார் காதுல கேட்டுச்சு!" என்றான் ஒருவன். "என்ன வே, புதுப் பாட்டா?" என்று கேட்டார் அவர் நண்பர். நான் எதிர்வரிசையில் இருந்து, "பார்த்தீர்களா, கேட்டிருக்கிறது" என்றேன். அவர் சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்தார், பிசைந்தார், சாப்பிடவில்லை. அப்போது எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. கறியில் உப்புக் கூடுதல்.

அதற்குப் பிறகு பொத்தான் வந்துவிட்டது. இவர் ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் போய் உட்கார ஆரம்பித்தார். கிட்டார் மறுபடி அலமாரிக்கு மேலே. நாற்காலி மறுபடி அடுக்களையில். ஆனால் இப்போது கேஸைக்கூடக் குறைக்கவில்லை. பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது, அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அந்தப் பொத்தானைக் கவனித்தேன். கவனிக்க வேண்டும் என்று கவனிக்கவில்லை. முன்வரிசையில் இருந்தால் காதில் விழத்தானே செய்யும்? தும்தும் தும்தும் என்று போகிறது. நிற்பதே இல்லை. வழக்கமாக நாங்கள் பாடும் ஒரு கீர்த்தனை. அதில் மூன்றாவது அடியின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் அவர் நிற்பார். கொஞ்சம் நின்று, பிறகுதான் விரலை வைப்பார். அந்த இடைவெளியில்தான் சபையார் மூச்சு எடுப்பார்கள். பொத்தான் அங்கே நிற்கவில்லை. எனக்கு மூச்சு முட்டியது. பக்கத்தில் இருந்த அம்மாளுக்கும் முட்டியது. அவருக்கு ஆஸ்துமா என்பது வேறு.

போன வாரம் ஆராதனை முடிந்து பாடகர் குழுக் கூட்டம். நான் உறுப்பினர் இல்லை. ஆனாலும் உள்ளே போனேன். எழுந்து நின்று சொன்னேன்: "இந்தப் பொத்தானை எடுத்துவிட வேண்டும். மூன்றாவது அடியில் அது நிற்பதில்லை. சரணத்தில் குரல் மேலே ஏறும்போது அவர் கீழே இறங்கி ஒரு கம்பியை மெல்லத் தொட்டு விடுவார், இது அதைத் தொடுவதில்லை. கடைசி வரியில் ஐயர் இழுத்துப் பாடுகிறவர். அவர் எவ்வளவு இழுத்தாலும் இவர் காத்திருப்பார். இது காத்திருக்காமல் முடித்துவிட்டுப் போய்விடுகிறது. இது வாசிப்பா?"

மெர்லின் எழுந்து நின்றாள். எழுந்து நின்றுதான் கேட்டாள்:

"டீச்சர், அங்கிள் வாசிக்கிறது கேக்கவே இல்லன்னு நீங்கதான சொன்னிய?"

"சொன்னேன்."

"பொறவு இவ்வளவையும் எங்க இருந்து கேட்டிய?"

நல்ல கேள்வி. அவள் பள்ளியில் இப்படி ஒரு கேள்வி கேட்டிருந்தால் எட்டு போட்டிருப்பேன். "வீட்டில் அடுத்த அறையில் பயிற்சி செய்வார். நான் தேங்காய் அரைத்துக்கொண்டிருப்பேன். காதில் விழும்" என்றேன். "இத்தனை நாளா விழுந்துக்கிட்டேதான் இருந்துச்சா டீச்சர்?" என்றாள். விழுந்தது, அதில் என்ன? மழை பெய்தால்கூடத்தான் காதில் விழும், அதற்காக மழைக்குக் கைதட்டுவார்களா? இப்படிக் கேட்டுவிட்டு, எல்லாரும் என்னைத் தாண்டிப் பார்ப்பதால் திரும்பிப் பார்த்தேன். வாசலில் இவர் நின்றுகொண்டிருக்கிறார். குடையை எடுக்க வந்தாராம். இந்த மனிதர் எப்போதும் எனக்குப் பின்னால்தான் வந்து நிற்பார்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். அவர் முன்னால், நான் பின்னால். கதவைத் திறந்தார். செருப்பைக் கழற்றினார். அடுக்களைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்துப் பாலை வைத்தார். கேஸைக் குறைத்தார். பிறகு வாயைத் திறந்தார்:

"மூணாவது அடியில நான் எவ்வளவு நேரம் நிக்கேன்?"

"அரை மாத்திரை" என்றேன்.

"அரை இல்ல. கால்."

இத்தனை மாதம் கழித்து ஒரு மனிதர் பேசுகிறார், பேசுவது தவறு! விட முடியுமா? "அரைதான். நான் கேட்டிருக்கிறேன்" என்றேன். "வாசிக்கவன் நான்" என்றார். "கேட்கிறவள் நான்" என்றேன். அன்றைக்கு ஆரம்பித்தது அம்மா, இன்றுவரை முடியவில்லை. சாப்பிடும்போது கால், துணி மடிக்கும்போது கால், படுக்கப் போகும்போது விளக்கை அணைத்துவிட்டு இருட்டுக்குள் கால். இவ்வளவு பேசக்கூடியவர் என்று தெரிந்திருந்தால் முன்பே கம்பியை வெட்டியிருப்பேன்.

மெர்லின் வரும் ஞாயிறு ஒரு வாய்ப்புத் தந்திருக்கிறாள். பொத்தானை அணைத்து வைப்பாளாம், அங்கிள் வாசிக்க வேண்டுமாம். அதற்குத்தான் மதுரைக்குப் போகிறோம், நல்ல கம்பி வாங்க. ஊர்க் கடைக்கு நான் வர மாட்டேன் என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கம்பியை அவரே மாட்டுவாராம். நான் தொடக் கூடாதாம், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாமாம். சரி, போகட்டும் என்று விட்டுக்கொடுத்துவிட்டேன். விட்டுக்கொடுப்பது எனக்குப் புதிதல்ல.

அவர் எங்கே என்கிறீர்களா? அதோ, டிரைவருக்குப் பின்னால், வெள்ளைச் சட்டை, வழுக்கை. பஸ் ஏறும்போதும் இதே வாக்குவாதம். கண்டக்டர், "பெரியவரே, நீங்க முன்னால வந்து இருங்க" என்று பிரித்து உட்கார வைத்துவிட்டார். பாருங்கள், பாருங்கள், திரும்பிப் பார்க்கிறார். முன்கம்பியில் விரலால் தட்டிக் காட்டுகிறார். அதே மூன்றாவது அடிதான். இதோ வருகிறது. நிற்கிறார்... வைத்தார்! அரை! தெளிவாக அரை! நீங்களே சொல்லுங்கள் அம்மா, நீங்கள் நடுநிலையானவர், அது அரையா, காலா?

என்ன, கேட்கவில்லையா? எஞ்சின் இரைச்சலா?

நன்றாகக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். இவ்வளவு தெளிவாகக் கேட்கிறதே!